பழைய மெஷினும் என் இடது முழங்கையும்

"இனி இந்த வீட்டுக்குள் புதுப்பொருள் ஒன்றுகூட நுழையாது!" என்று சபதம் போட்டேன். காசும் மிச்சம், உலகத்தில் குப்பையும் குறையும். ஒரே சபதத்தில் இரண்டு புண்ணியம்.

மனைவி சட்டென்று தலையாட்டினாள். அங்கேயே நான் உஷாராகியிருக்க வேண்டும்.

"சரிங்க. வாஷிங் மெஷினும் பழசே வாங்குங்க. ஆனா ஒரு தடவை மக்கர் பண்ணினாலும் புதுசுதான். அதுவும் நான் கை காட்டுறதுதான். சம்மதமா?"

"சம்மதம்! பழசுதான் உழைக்கும். என்னையே பாரேன்."

"அதைப் பார்த்துத்தான் பயமா இருக்கு."

பழைய சாமான் கடைக்காரர் ஒரு மெஷினைத் தடவிக் கொடுத்து, "ஒரே கை பட்டது சார்" என்றார். பட்டது கையா, உதையா என்று வீட்டுக்கு வந்தபின்தான் சந்தேகம் வந்தது. தண்ணீரை மடமடவென்று குடித்துவிட்டு அசையாமல் நின்றது. மூடியை இடது முழங்கையால் அழுத்தி, பக்கத்தில் முழங்காலால் ஒரு இடி கொடுத்தால்தான் சுற்றியது. முழங்கையை எடுத்தால் நின்றுவிட்டது.

நல்லவேளை, அவள் வெளியே போயிருந்தாள். விஷயம் தெரிந்தால் மானம் போகும், புது மெஷின் வரும். மூளையைக் கசக்கினேன். அவள் வந்ததும் அறிவித்தேன்.

"இனிமே துணி துவைக்கிறது என் பொறுப்பு!"

"ஐயையோ, உங்களுக்கு எதுக்குங்க சிரமம்?"

"பாவம், நீ எவ்வளவு வேலைதான் செய்வே? மெஷின் பக்கமே நீ வரக் கூடாது."

"சரிங்க" என்றாள். என் சாமர்த்தியத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

மூன்று மாதம். ஞாயிறுதோறும் கதவைச் சாத்திக்கொண்டு மெஷினோடு மல்லுக்கட்டினேன். போர்வை, திரைச்சீலை, மச்சினி வீட்டுத் துணி என்று மூட்டை பெருத்துக்கொண்டே போனது. முழங்கை காய்த்துவிட்டது. அதை மூடியிலிருந்து எடுத்துப் பார்க்க ஒரு நாளும் தைரியம் வரவில்லை. பொய் சொல்வானேன், ஜெயித்த சந்தோஷத்தில் பாட்டுக்கூடப் பாடினேன்.

நேற்று மாடிவீட்டு மெக்கானிக் படியில் எதிர்ப்பட்டார்.

"வாஷிங் மெஷின் நல்லா ஓடுதா சார்? மூடிக்குக் கீழே சுவிட்ச் தேஞ்சிருந்துச்சு. வாங்கின மறுநாளே, நீங்க வெளியே போயிருந்தப்போ வீட்ல போட்டுப் பார்த்துட்டுக் கூப்பிட்டாங்க, மாத்திட்டேன். அஞ்சு நிமிஷ வேலை."

"அப்போ முழங்கை?"

"எந்த முழங்கை?"

ஓடிப்போய் மெஷினைப் போட்டுவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். சமர்த்தாகச் சுற்றியது. பின்னால் மனைவி.

"தெரிஞ்சிருந்தும் ஏன் சொல்லலை?"

"மெஷின் பக்கமே வரக் கூடாதுன்னீங்களே. உங்க பேச்சை மீறுவேனா?"

"பந்தயத்துல நீதானே ஜெயிச்சே? புது மெஷின் கேட்டிருக்கலாமே?"

"புதுசு வந்தா நான்ல துவைக்கணும்?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவளும் சிரித்தாள். சிரித்துக்கொண்டே சொன்னாள்:

"கடைக்காரர்கிட்ட ஒரு பழைய அடுப்பு சொல்லி வெச்சிருக்கேங்க. அது ஆம்பளைங்க பத்தவெச்சாத்தான் எரியுமாம்."