ஒரு நூல் இறக்கு

உயர்ந்த ஓசையையும் தாழ்ந்த ஓசையையும் பிரித்தறியத் தெரிந்தவனே முழு மனிதன். மற்றவர்களுக்குக் காது என்பது மூக்குக் கண்ணாடி நழுவாமல் இருக்க ஏற்பட்ட கொக்கி. இது தங்கக்காதின் கொள்கை. கொள்கையை வகுத்தவர் அலுவலகத்தில் விளக்குமாறும் காகிதக் கட்டும் எடுத்துக் கொடுக்கிற சாமான் அறைக்குப் பொறுப்பாளர். ‘தங்கக்காது’ என்ற பட்டத்தையும் அவரே தமக்குச் சூட்டிக்கொண்டார். மற்றவர்கள் அதைச் சிரிக்காமல் சொல்லப் பழகக் கொஞ்ச காலம் பிடித்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை முழு மனிதர் தம் காரின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டிருந்தார்.

"டேய் மச்சான், ஒரு நூல் இறக்கு."

"எதை அத்தான்?" என்று கேட்டது டிக்கி. அதற்குள் இடுப்பு வரை நுழைந்திருந்தவன் அவர் மனைவியின் தம்பி.

"கீச்சுச் சத்தத்தை. பின்னே என்ன, உன் தலையையா?"

விஷயம் இதுதான். காரின் கதவில் புதிதாக ஒரு பெரிய ஸ்பீக்கர், கண்ணாடி ஓரத்தில் ட்வீட்டர் என்கிற குட்டி ஸ்பீக்கர். இரண்டுக்கும் பாகப்பிரிவினை செய்து வைக்க, டிக்கியின் மூலையில் ஸ்டெப்னிக்குப் பின்னால் கிராஸ்ஓவர் என்று ஒரு பெட்டி. கனத்த சத்தம் பெரியவனுக்கு, மெல்லிய சத்தம் சின்னவனுக்கு என்று பிரித்துக் கொடுப்பது அதன் வேலை. யாருக்கு எவ்வளவு என்று கூட்டிக் குறைக்கப் பெட்டிக்குள் இரண்டு திருகுகள். கடைக்காரன் வைத்துக் கொடுத்த அளவைத் தங்கக்காது பாதிப் பாட்டிலேயே தள்ளுபடி செய்துவிட்டார். ஆடு மாட்டுக்கு வைத்த அளவு என்று அவன் முகத்துக்கு நேராகவே சொல்லிவிட்டும் வந்திருந்தார். ஆகவே அவனை மறுபடி கூப்பிட வழியில்லை.

மாலையில் பொது மேலாளர் வருகிறார். அலுவலகத்துப் புது அரங்கத்தின் ஒலிப் பொறுப்பை யாரிடம் கொடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. மேலாளரும் பாட்டுக் கேட்கும்போது கண்ணை மூடிக்கொள்கிற ரகம். "உங்க கார்ல ஒரு பாட்டு கேட்டுட்டு முடிவு சொல்றேன்" என்றிருந்தார். பாட்டு சரியாக அமைந்தால் விளக்குமாற்றிலிருந்து விடுதலை. அமையாவிட்டால் ஓய்வு பெறும்வரை விளக்குமாறு.

"அத்தான், இங்க ஒரு சின்னச் சிக்கல்..."

"சிக்கல் என்னன்னு எனக்குத் தெரியும். அதுக்குத்தான் காதைத் தீட்டிக்கிட்டு உக்காந்திருக்கேன். உன்கிட்ட யோசனை கேட்டேனா? திருகுன்னு சொன்னேன். வாயை மூடிக்கிட்டுத் திருகு."

டிக்கிக்குள் ஏதோ உரசுகிற சத்தம்.

"ஆச்சு அத்தான்."

தங்கக்காது பாட்டைப் போட்டார். அதில் ஒருத்தி தன் காதலனை வா வா என்று அழைப்பாள். இரண்டாவது ‘வா’விலேயே அவர் ஸ்டீயரிங்கில் ஓங்கி அறைந்தார். ஹாரன் அலறியது.

"ஒரு நூல் இறக்குன்னா ஒரு முழம் இறக்கி வச்சிருக்க. கம்பளிக்குள்ள இருந்து பாடுறா பாரு."

"ஏத்தவா?"

"கேள்வியைப் பாரு. பாதி ஏத்து."

"ஆச்சு."

"ஐயோ, காதுல ஊசியக் குத்துது. பாதின்னா உங்க ஊர் பாதி எவ்வளவுடா? தபாலையும் இப்படித்தான் பாதி வழியில போடுறீங்களா?"

மைத்துனன் தபால் நிலையத்தில் எழுத்தர். அக்கா வீட்டில் நிம்மதியாக ஒரு வேளை சாப்பிடலாம் என்று வந்தவன். அவன் இன்னும் கொஞ்சம் உள்ளே நுழைந்துகொண்டான். அத்தானுக்குப் பதில் சொன்னவர்கள் யாரும் அந்த வீட்டில் ஆறின சோறு தவிர வேறு கண்டதில்லை.

அவரே எழுந்துபோய்த் திருகலாமே என்று கேட்கக் கூடாது. கேட்பவன் இடம் மாறினால் ஓசையின் நடு மையம் கலைந்துவிடும். தவிர, டிக்கிக்குள் குனிவதற்கு அவருடைய வயிறும் சம்மதிக்காது.

இப்படியே ஏற்றியும் இறக்கியும் வெயில் உச்சிக்கு வந்தது. தகரத்தில் மணல் வறுபடுகிற மாதிரி ஒரு அதிர்வு வருகிறது என்று தங்கக்காது கண்டுபிடித்தார். குற்றவாளி கதவின் உள்தட்டு. திருப்புளியை இடுக்கில் கொடுத்து நெம்பினார். ‘டக், டக், டக்’ என்று பிளாஸ்டிக் கொக்கிகள் வரிசையாக உயிரை விட்டன. தட்டு கையோடு வந்துவிட்டது. அதிர்வை அடக்க, மனைவி குளிருக்குப் போர்த்திக்கொள்ளும் கம்பளியை எடுத்துவந்து கதவின் வயிற்றுக்குள் திணித்தார். ஜன்னல் கண்ணாடி பாதி இறங்கி அங்கேயே சிக்கிக்கொண்டது. கதவும் அதற்குப் பிறகு மூட மறுத்தது.

மாடியிலிருந்து ஒரு ஜன்னல் திறந்தது. இரவு வேலை முடித்து வந்து படுத்திருந்த செவிலியம்மா தலையை நீட்டினார்.

"சார், அந்தப் பொண்ணு காலையிலேருந்து அவனைக் கூப்பிடுறா. ஒண்ணு அவன் வரணும், இல்ல அவ போகணும். நான் தூங்கணும்."

"இது ஆராய்ச்சி அம்மா. உங்களுக்குப் புரியாது."

"புரியுது சார். எங்க ஆஸ்பத்திரியில இதுக்குத் தனி வார்டே இருக்கு." ஜன்னல் படாரென்று சாத்திக்கொண்டது.

அந்தச் சத்தத்துக்கு மனைவி வெளியே வந்தாள். கதவிலிருந்து தொங்கிய கம்பளி நுனியைப் பார்த்தாள். முகம் சிவந்தது.

"என் கம்பளிதானே அது?"

"இப்ப அது கம்பளி இல்ல. ஒலித் தடுப்பு."

"என் தம்பி சாப்பிட வந்தான். உங்க டிக்கியில குடித்தனம் பண்ண வரல. வெளிய வாடா."

"வரக் கூடாது. நீ உள்ள உக்காந்து கேளு, எப்படி இருக்குன்னு சொல்லு."

அவள் பாட்டின் இரண்டு வரியைக் கேட்டாள். "காலையில எப்படிக் கேட்டுச்சோ அப்படித்தான் கேக்குது."

தங்கக்காதுக்குக் காது மடல்வரை கொதித்தது. "உனக்கெல்லாம் காது எதுக்கு? தோடு மாட்டவா?"

"தோடு வாங்கிக் குடுத்திருந்தா மாட்டியிருப்பேன்" என்று சொல்லிவிட்டு அவள் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டாள். அதோடு சாப்பாடும் உள்ளே மாட்டிக்கொண்டது. டிக்கிக்குள்ளிருந்து ஒரு பெருமூச்சு வந்தது.

"மூச்சு விடாதடா. ஒலி கலங்குது."

மாலையில் பொது மேலாளர் கஞ்சி போட்ட சட்டையில் வந்து இறங்கினார். மைத்துனனின் கால்கள் மட்டும் டிக்கிக்கு வெளியே தெரிந்தன.

"நம்ம உதவியாளர்" என்றார் தங்கக்காது. கால்கள் மரியாதையாகச் சேர்ந்து நின்றன.

மேலாளர் ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். கதவு மூடாததால் அதை வலது கையால் தாமே பிடித்துக்கொள்ள வேண்டியிருந்தது. கம்பளி மயிர் மூக்கில் ஏற, ஒரு தும்மலை அதிகாரத்தோடு அடக்கினார். பாட்டு தொடங்கியது. கண்களை மூடினார்.

தங்கக்காது வெளியே நின்றபடி அவர் இமைகளையே பார்த்தார். அரங்கமா, விளக்குமாறா என்பது அந்த இமைகளுக்குப் பின்னால் இருந்தது.

"ம். உச்சத்துல கொஞ்சம் திமிர் தெரியுது" என்றார் மேலாளர்.

"அதையேதான் சார் நானும் காலையிலேருந்து இவன்கிட்டச் சொல்றேன். டேய், திமிரைக் குறைடா."

"ஆச்சு அத்தான்."

மேலாளர் தலையை ஆட்டினார். "ஆங். இப்பப் பணிஞ்சு வருது. ஆனா அடியில கனத்த சத்தம் ஒரு சொட்டு ஜாஸ்தி."

"ஒரு சொட்டு எடு. சொட்டுன்னா சொட்டு, குடம் இல்ல."

"ஆச்சு."

மேலாளரின் முகம் கனிந்தது. பாட்டு முடிந்த பிறகும் கண்களைத் திறக்க அவருக்கு மனம் வரவில்லை. திறந்தபோது அவை ஈரமாக இருந்தன. அதில் கம்பளிக்கும் பங்கு இருந்திருக்கலாம்.

"இதுதான்யா சத்தம். கடைக்காரன் வச்ச அளவுல இந்த ஜென்மத்துல இப்படி வராது."

"ஆடு மாட்டுக்கு வச்ச அளவு சார் அது."

"நம்ம ரெண்டு பேர் காதும் ஒத்துப்போகுது பாருங்க. நாளைக்கே அரங்கத்துப் பொறுப்பை ஏத்துக்கோங்க. சாமான் அறையை வேற யார்கிட்டயாவது தள்ளிவிட்டுடலாம்."

நாள் முழுவதும் விறைத்திருந்த தங்கக்காதின் தாடை முதன்முறையாக இறங்கியது. வீட்டு வாசல் பக்கம் திரும்பி, உள்ளே இருப்பவளுக்குக் கேட்கும்படி, "காலையில கேட்ட மாதிரியேதான் கேக்குதாம் சிலருக்கு" என்றார்.

மேலாளர் கதவை விட்டுவிட்டு இறங்கி, காரின் பின்பக்கம் நடந்தார். அந்தக் கால்களுக்கு அருகே குனிந்து பரிவோடு கேட்டார்:

"தம்பி, ரெண்டு திருகும் இப்ப எந்த எண்ல நிக்குதுன்னு பார்த்துச் சொல்லுங்க. அரங்கத்துலயும் அதையே வச்சிடலாம்."

மைத்துனன் மெதுவாக வெளியே வந்தான். முதுகை நிமிர்த்தினான். முகத்து வியர்வையைத் துடைத்துக்கொண்டான்.

"தெரியல சார். அந்தப் பெட்டியோட மூடியைக் காலையிலேருந்து என்னால திறக்கவே முடியல."