செத்த பிறகும் மார்க்குப் போட்ட டிரசர்

எமன் நேரில் வந்து பாசக்கயிற்றை வீசினாலும், "கயிறு பிடிச்ச கை சரியில்ல, பத்துக்கு நாலு" என்று சொல்லித் திருப்பி அனுப்பக்கூடியவர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் மார்க்கு டிரசர்.

பிரிஞ்சாங் என்கிற மலையூரைத் தாண்டி எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ஓர் ஆஸ்பத்திரி இருந்தது. பெரிதாகக் கற்பனை செய்துவிட வேண்டாம். பத்துக் கட்டில், ஒரு மருந்து அலமாரி, தகரக் கூரை, அவ்வளவுதான். டாக்டர் மாதம் ஒருமுறை ஜீப்பில் வந்து, டீ குடித்துவிட்டு, மூடுபனி இறங்குவதற்குள் போய்விடுவார். மற்ற நாளெல்லாம் காய்ச்சல், பிரசவம், புருஷன் பெண்டாட்டிச் சண்டையில் உடைந்த மண்டை என்று சகலத்தையும் பார்த்தவர் மருத்துவ உதவியாளரான டிரசர்தான். அவருக்கும் பெற்றவர்கள் ஒரு பெயர் வைத்திருப்பார்கள். அது சம்பளக் கணக்கு எழுதும் ஆபீஸ் கிராணிக்கு மட்டும் தெரியும்.

அவருக்கு எல்லாமே பத்துக்குத்தான். தோட்டத்து மேனேஜர் துரை பிரஷர் பார்க்க வந்து கையை ஆட்டினால், "பேஷண்ட் ஒத்துழைப்பு நாலு, சார்" என்பார். வீட்டில் ஒருநாள் ரசத்துக்கு ஆறு போட்டார். அவர் சம்சாரம் சட்டியைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார். மறுநாள் ரசம் எட்டு வாங்கியதாகக் கேள்வி.

எழுபதுகளின் கடைசியில், பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்த கையோடு, நானும் என் தோழி ராசாத்தியும் இவரிடம் பயிற்சி நர்ஸுகளாக வந்து மாட்டினோம். இரண்டு வருடம் ஆனதும் கீழே டவுனிலிருந்து ஒரு நர்சிங் சிஸ்டர் வந்து எங்களுக்குப் பரீட்சை வைப்பார். தேறினால் டவுனில் நர்சிங் படிப்பு, தலையில் வெள்ளைத் தொப்பி. தேறாவிட்டால் அம்மாவுக்குப் பக்கத்துத் தேயிலை நிரையில் கொழுந்துக் கூடை. எங்கள் வீட்டில் நம்பிக்கை அதிகம், எனக்கான கூடையைக் கங்காணியிடம் அப்போதே சொல்லி வைத்திருந்தார்கள்.

நாங்கள் சேர்ந்த நேரம் பார்த்து மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. பயிற்சி பெறுபவர் எதைத் தெரிந்து வைத்திருக்கிறார் என்று பார்த்தால் போதாது, எதைச் செய்யக் கற்றிருக்கிறார், அதனால் என்ன விளைந்தது என்று மதிப்பிட வேண்டுமாம். இப்படி வரும் காகிதங்களை மற்ற தோட்டங்களில் மருந்து மடிக்க வைத்துக்கொள்வார்கள். இவர் அதைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டினார். எங்கள் நோட்டுப் புத்தகங்களை அலமாரியில் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டார்.

"தெரிஞ்சதெல்லாம் உள்ள இருக்கட்டும்லா. செய்யிறத மட்டும் காட்டுங்க."

நோயாளி வராத நாட்களில் அவரே நோயாளி. முறுக்கு மீசையோடு கட்டிலில் மல்லாந்து, "நான் இப்ப எட்டு மாசக் கர்ப்பிணி. கால் வீங்கியிருக்கு. கேள்வி கேளு" என்பார். நாங்கள் சிரித்தால் மார்க்குப் போச்சு. ஒரு ஜனவரி மாதத்துக் காலையில் படுக்கையிலேயே உடம்பு துடைத்துவிடும் பரீட்சை வைத்தார். ராசாத்தி வெந்நீர் போட மறந்து, குழாய்த் தண்ணீரில் துணியை நனைத்து அவர் நெஞ்சில் வைத்துவிட்டாள். மனிதர் கட்டிலோடு சேர்ந்து நடுங்கினார். பல்லெல்லாம் தந்தியடிக்க, "த... தண்ணி சூடு... பா... பாக்கல... ரெண்டு" என்று மார்க்கைச் சொல்லி முடித்த பிறகுதான் கம்பளியைக் கேட்டார்.

இன்னொரு நாள் முனகாமல், கர்ப்பமாகாமல், வெறுமனே படுத்திருந்தார். ஐயா அசந்து தூங்குகிறார் என்று நாங்கள் ஜன்னலோரம் நின்று பிரிஞ்சாங் பசார் மாலாம் இராச்சந்தையில் வாங்க வேண்டிய வளையல் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். திடீரென்று எழுந்து உட்கார்ந்தார்.

"நான் செத்துப் பத்து நிமிஷம் ஆச்சு! ரெண்டு பேருக்கும் சைபர்!"

"நீங்க கத்தவே இல்லையே, ஐயா?"

"கத்துறவனுக்கு மூச்சு இருக்கு, அவன் காத்திருப்பான். சும்மா கெடக்குறவனத்தான் மொதல்ல பாக்கணும். போ, வளையல் வாங்கு போ."

செத்தவரே எழுந்து மார்க்குப் போட்டால் யாரிடம் போய் முறையிடுவது?

இதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். தொழிலாளர் வீடுகள் இருக்கும் லயத்தில் வைத்த பரீட்சையைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. பச்சையம்மா அக்காவின் குழந்தைக்கு வயிற்றுப்போக்கு. உப்பும் சீனியும் எப்படிக் கலந்து கொடுப்பது என்று அக்காவுக்கு அரைமணி நேரம் விளக்கினேன். மூன்று நாள் கழித்து டிரசர் என்னையும் இழுத்துக்கொண்டு அக்கா வீட்டு வாசலில் போய் நின்றார்.

"அன்னிக்கு இந்தப் பொண்ணு என்னம்மா சொல்லிக் குடுத்திச்சு?"

"ஐயோ, தங்கமான பொண்ணுங்க ஐயா. சிரிச்சிக்கிட்டே பேசிச்சு."

"அது சரி. என்ன சொல்லிச்சு?"

அக்கா என்னைப் பார்த்தார், கூரையைப் பார்த்தார், கடைசியில் கோழியைப் பார்த்தார். "அதான் மறந்துபோச்சுங்க."

"சிரிப்புக்குப் பத்து. விளைவுக்குச் சைபர்" என்று என் கண்முன்னால் எழுதினார். பாடம் நடத்தியது நான், மறந்தது அக்கா, சைபர் எனக்கு! எந்த ஊர் நியாயம் இது? அன்றிரவு அவருக்குப் பேதி பிடிக்க வேண்டும் என்று மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டேன். ஆனால் மறுநாள் பச்சையம்மா அக்காவிடமே போய், அவர் கையாலேயே கலக்க வைத்து, அவர் வாயாலேயே திருப்பிச் சொல்ல வைத்துவிட்டுத்தான் வந்தேன். அதற்கு டிரசர் மார்க்குப் போடவில்லை.

பரீட்சை நாளும் வந்தது. சிஸ்டருக்குக் காட்ட ஒரு நோயாளி தேவை. முதல் நாள் வேலைக்கு ஆள் பிரிக்கும் காலைப் பெரட்டில் டிரசர் நின்று, "நாளைக்கு நோயாளியா நடிக்க ஒரு ஆள் வேணும். வர்றவருக்கு எம்.சி. உண்டு" என்று அறிவித்தார். எம்.சி. என்றால் சீக்கு லீவுச் சீட்டு. அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு "ஒரு ஆள்" என்பது யார் காதில் விழும்? விடிந்ததும் ஆஸ்பத்திரி பெஞ்சுகளில் முப்பது பேர். ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு வியாதி, ஒன்றைவிட ஒன்று பயங்கரம். ஒரு கிழவர் தனக்குப் பிரசவ வலி என்றார், டிரசரைப் பார்த்துக் கெட்டுப்போயிருந்தார். மலையில் கொழுந்து எடுக்க ஆளில்லாமல் துரை ஜீப்பில் அங்குமிங்கும் பறந்துகொண்டிருந்தார்.

இந்த ஒப்பாரிக்கு நடுவே சிஸ்டர் வந்து இறங்கினார். கஞ்சி போட்ட உடுப்பு, கையில் அச்சடித்த மார்க்குப் பாரம், அதில் பன்னிரண்டு கட்டம். ராசாத்தி எல்லாவற்றையும் செய்து முடித்துவிட்டாள். எனக்குப் படுக்கை விரிக்கும் கட்டம்.

"நான் சொல்ற வரைக்கும் நிறுத்தக்கூடாது. ஆரம்பி" என்றார் சிஸ்டர்.

விரிப்பின் ஒரு மூலையை மடித்தேன். இரண்டாவது மூலைக்கு நிமிர்ந்தபோது பெஞ்சின் கோடியில் எங்கள் தோட்டத்து மணியம் அண்ணன் கண்ணில் பட்டார். முப்பது பேரில் சத்தம் போடாத ஒரே ஆள். அந்தக் குளிரில் அவர் முகத்தில் வேர்வை ஓடிக்கொண்டிருந்தது. வாயோரம் எச்சில் வழிந்தது.

விரிப்பைப் போட்டுவிட்டு ஓடினேன். சட்டையில் பூச்சி மருந்து நெடி. கண் இமையைத் தூக்கிப் பார்த்தால் கண்மணி குண்டூசி முனை அளவுக்குச் சுருங்கியிருந்தது. எம்.சி. எப்படியும் உறுதி என்று, மனிதர் விடியற்காலையிலேயே கோலா தெர்லா காய்கறித் தோட்டத்தில் கூலிக்கு மருந்தடித்துவிட்டு, அதே சட்டையோடு நோயாளியாக நடிக்க வந்திருக்கிறார்!

"ஐயா! மருந்து ஏறிடுச்சு!" என்று கத்தினேன். டிரசர் விஷமுறிவு அட்ரோபின் ஊசியோடு ஓடிவந்தார். ராசாத்தியும் நானும் சட்டையைக் கழற்றி வீசி, சோப்புத் தண்ணீரால் உடம்பு முழுக்கக் கழுவினோம். நடிக்க வந்த முப்பதில் இருபத்தொன்பது பேருக்கும் வியாதி அந்த நிமிடமே குணமாகிவிட்டது. மத்தியானம்போல் மணியம் அண்ணன் கண் திறந்து, "எம்.சி. எழுதிட்டீங்களா?" என்று கேட்டார்.

சிஸ்டர் பாரத்தை நிரப்பிக்கொண்டிருந்தார். படுக்கை முடிக்கவில்லை. சொல்லாமல் இடத்தை விட்டு நகர்ந்தது. ராசாத்தி தேர்ச்சி, நான் இல்லை.

"அந்தப் பொண்ணு ஒரு உசுரக் காப்பாத்தியிருக்கு, சிஸ்டர்" என்றார் டிரசர்.

"பாத்தேன், டிரசர். ஆனா அதுக்குப் பாரத்துல கட்டம் இல்லையே. நான் எங்க டிக் போடறது?"

நான் வீட்டுக்குப் போய்க் கூடைக்கு முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

ஐந்து நாள் கழித்து டிரசரைக் காணவில்லை. நடந்ததைப் பிறகு மணியம் அண்ணன்தான் சொன்னார். டிரசர் அவரையும் ஏற்றிக்கொண்டு, முட்டைக்கோஸ் ஏற்றும் கோபிஸ் லோரியில் டவுனுக்குப் போயிருக்கிறார். சிஸ்டரின் மேஜைக்கு முன்னால் அண்ணனை நிறுத்தி, "இந்தாங்க விளைவு. ரெண்டு கால்ல நடந்து வந்திருக்கு. எந்தக் கட்டத்துல வேணாலும் டிக் போடுங்க" என்றாராம்.

"அப்புறம் என்னாச்சு, அண்ணே?"

"அந்தம்மா மொதல்ல முடியாதுன்னாங்க. இவரு கையக் கட்டிக்கிட்டு நின்னாரும்மா, சாயங்காலம் வரைக்கும். 'என் மார்க்கு எதுக்கும் ஒதவாது, நீங்க போடுற மார்க்குதான் இந்தப் புள்ளைக்கு வாழ்க்கை'ன்னாரு. எனக்கே கண்ணு கலங்கிடுச்சுலா."

பத்து நாளில் கடிதம் வந்தது. தேர்ச்சி. கிளம்பும் நாளில் பெட்டியோடு ஆஸ்பத்திரியில் போய் நின்றேன்.

"என்கிட்ட விட்டா ஏழுதான்" என்றார் டிரசர். "அன்னிக்கு விரிச்ச படுக்கை பாதியில நிக்குது. முடிச்சிட்டுப் போ."

அந்தக் கட்டிலில் அதற்குப் பிறகு எத்தனையோ பேர் படுத்து எழுந்துவிட்டார்கள். சொன்னால் கேட்கிற ஆளா? வெளியே லோரி ஹாரன் அடிக்க, விரித்தேன். மூலை மடிப்புத் தளர்வு என்று உருவிப் போட்டார். மறுபடி விரித்தேன். தலையணை உறையின் வாய் வாசலைப் பார்த்து இருக்கிறதாம், உருவிப் போட்டார். மூன்றாம் முறை அவருக்கே ஒரு குறையும் கிடைக்கவில்லை. விரிப்பைக் கையால் தடவிப் பார்த்தார். பிறகு தானே அதை உருவி என் கையில் கொடுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"எதுக்கும் இன்னொரு தடவ விரிம்மா."

லோரிக்காரனை இருக்கச் சொல்லிவிட்டு, முடிந்தவரை மெதுவாக விரித்தேன். எனக்கும் அவரை விட்டுப் போக மனசில்லை.