லாக்கர் பொருத்தப்பட்டதாகக் கருதப்படும் வண்டி

பொதுமக்கள் நலன் கருதியும் சேற்றின் ஆழம் கருதியும், எங்கள் சங்கத்தின் நான்கு சக்கர வண்டிக்கு, சக்கரம் வழுக்காமலிருக்க லாக்கர் என்ற சாமான் போடுவதா வேண்டாமா என்று ஆராயச் செயற்குழு கூட்டப்பட்டது. அதன் செயலாளர் அடியேன். வண்டியை ஓட்டுவதும் அடியேன். வண்டி சேற்றில் புதைந்தால் இறங்கித் தள்ளாமல் நின்று யோசிப்பவனும் அடியேன்தான். அந்தக் கடைசிப் பொறுப்பை யாரும் எனக்குத் தரவில்லை, நானாகவே எடுத்துக்கொண்டேன்.

முப்பத்திரண்டு வருஷம் தோட்டத்து ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்தவன் நான். வேலை ஓய்ந்தாலும் படிவம் தயாரிக்கிற வியாதி ஓயவில்லை. எங்கள் ஊரான சிம்பாங் ரெங்கத்தில் நோயாளிகளை ஏற்றி இறக்க நாலு பேர் சேர்ந்து சங்கம் ஆரம்பித்தோம், ஒரு பழைய பிக்கப் வாங்கினோம். வாங்கின அன்றே அதற்கு ஏழு படிவம் தயாரித்துவிட்டேன். வண்டியில் இருந்த அத்தனையையும் பட்டியல் போட்டேன். ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில் எழுத்து அழிந்துபோன பொத்தான் ஒன்று இருந்தது. வீட்டு வாசலில் நிறுத்தி வைத்து அதை அழுத்திப் பார்த்தேன். ஒன்றும் நடக்கவில்லை. ‘பழுது’ என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, முத்திரையும் குத்தினேன்.

வண்டிக்கு இருந்த வேலை சின்னது. செம்பனைத் தோட்டத்துக்குள்ளே நாலு கிலோமீட்டர் மண் ரோடு, நடுவில் ஒரு மேடு, கடைசியில் தோட்டத் தொழிலாளர் குடியிருந்த பழைய லயம். அங்கே கிருஷ்ணம்மாக்கா இருக்கிறார். அவருக்குச் சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. வாரத்துக்கு மூன்று நாள், காலை ஏழு மணிக்கு, டவுன் டயாலிசிஸ் நிலையத்தில் ரத்தத்தைச் சுத்தம் பண்ணியாக வேண்டும். ஏழரைக்குள் போகாவிட்டால் அவருடைய நாற்காலி அடுத்த ஆளுக்குப் போய்விடும். அன்றைக்குக் கால் வீங்கும், மூச்சு வாங்கும். ஆகவே எங்களுக்குத் தேவைப்பட்டது மேடு ஏறுகிற ஒரு வண்டி. அவ்வளவுதான்.

நாங்கள் முதலில் டீ-சட்டை அடித்தோம். கறுப்புச் சட்டை, முதுகில் ‘ரெங்கம் சேற்றுச் சிங்கங்கள்’. சட்டைக்கு ஏற்ற பூட்ஸ் வேண்டாமா? வாங்கினோம். பிறகு தலைவர் மனோகரன், இன்சூரன்ஸ் ஏஜெண்ட், வண்டிக்கு ஒரு ஸ்னோர்கல் மாட்டச் சொன்னார். வெள்ளத்தில் இஞ்சின் மூச்சு விடுவதற்கான குழாய் அது. எங்கள் ரோட்டில் தண்ணீர் கணுக்காலைத் தாண்டினதே இல்லை. ஆனாலும் மாட்டினோம். மூச்சு வாங்கியது கிருஷ்ணம்மாக்காவுக்கு, குழாய் கிடைத்தது வண்டிக்கு.

அக்டோபர் மழையில் ஒரு செவ்வாய்க்கிழமை வண்டி அந்த மேட்டில் மாட்டிக்கொண்டது. பின்சக்கரம் ஒன்று காற்றாடி மாதிரி சுற்றியது, மற்றது அசையவில்லை. நான் இறங்கினேன். நாலாம் எண் படிவம், சம்பவச் சான்று, மூன்று கோணத்தில் படம் கேட்கும். அந்தப் படிவத்தை எழுதியவனும் நான்தான். டார்ச் அடித்துப் படம் எடுத்தேன்.

“கிராணி, படம் எடுக்கிறீங்களே, எனக்கா வண்டிக்கா?” என்றார் அக்கா உள்ளே இருந்தபடி.

“வண்டிக்குக்கா. கமிட்டியில காட்டணும்லா.”

“அப்ப என் காலையும் ஒண்ணு எடுத்துக்குங்க. அதுவும் மாட்டிக்கிட்டுத்தான் இருக்கு.”

எட்டேகாலுக்குச் செம்பனைப் பழம் ஏற்றுகிற டிராக்டர் வந்து இழுத்துவிட்டது. நாற்காலி போய்விட்டது. மறுநாள் எப்படியோ கெஞ்சி இடம் வாங்கும்வரை, படுத்தால் மூச்சு முட்டுகிறது என்று அந்த அம்மாள் உட்கார்ந்தபடியே தூங்கினார். எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. வெட்கம் வந்தால் நான் கூட்டம் கூட்டிவிடுவேன்.

கூட்டத்தில் எனக்கு இடப்பட்ட பணி, தம்போயில் பட்டறை வைத்திருக்கும் சர்புதீன் பாயைக் கண்டு விளக்கம் பெற்று வருவது. வண்டியை ஊர் எல்லை தாண்டிக் கொண்டுபோக நடமாட்டப் படிவம் வேண்டும், அதற்கு மூன்று வாரம் முன்னறிவிப்பு வேண்டும். அதுவும் என் கைவண்ணமே. ஆகவே வண்டியை விட்டுவிட்டு, அதன் படங்களோடு என் சின்னக் காரில் போனேன்.

“வண்டி எங்கண்ணே?” என்றார் பாய்.

“படம் இருக்கு. லாக்கர்னா என்னா பாய்?”

“ஒரு சக்கரம் வழுக்குதுன்னு வைங்க. இஞ்சின் சக்தியெல்லாம் அந்த வெட்டியா சுத்துற சக்கரத்துக்கே போயிரும். தரையைப் பிடிச்சிக்கிட்டு நிக்கிற சக்கரத்துக்கு ஒண்ணும் வராது. லாக்கர் இருந்தா ரெண்டும் சேர்ந்துதான் சுத்தணும்.”

எங்கள் செயற்குழுவைப் பார்க்காமலே இந்த மனுஷர் இவ்வளவு துல்லியமாகச் சொல்லுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

“ஆனா வண்டியை ஒருவாட்டி கொண்டாங்கண்ணே. சில வண்டியில பாத்தீங்கன்னா...”

“பாய், எங்க வண்டியை எங்களுக்குத் தெரியாதா?” என்றேன். அவர் கொடுத்த விலைத் தாளில் முதல் வரி, ‘வண்டியை நேரில் பார்க்க வேண்டும்’. அதைக் கோடு போட்டு அடித்துவிட்டு வாங்கி வந்தேன்.

அடுத்த மூன்று கூட்டங்கள் லாக்கரை முன்பக்கம் போடுவதா பின்பக்கம் போடுவதா என்பதில் போயின. சுற்றினது பின்சக்கரம் என்று நான் ஒரு வார்த்தை சொன்னேன். மனோகரன் ஏற்கவில்லை. “முன்னாடிதான் போடணும் செக்ரெட்ரி. பின்னாடி போட்டா நம்மளைப் பின்தங்கின சங்கம்னு நினைப்பாங்க.” கடைசியில், ‘தேவையான இடத்தில் பொருத்துவது’ என்று ஏகமனதாகத் தீர்மானித்து நாசி லெமாக் சோறு சாப்பிட்டோம். நான்தான் முன்மொழிந்தேன்.

இனி வேண்டியது அனுமதியும் உதவித் தொகையும். அதற்கு வாகன மேம்பாட்டு உதவிப் பிரிவு என்று ஓர் ஆபீஸ். அங்கே ஹேமநாதன் என்ற அதிகாரி. நல்ல மனிதர். என்னைப் போலவே பேனாவைச் சட்டைப் பையில் இரண்டாக வைத்திருப்பவர். பார்த்ததுமே பிடித்துப்போயிற்று.

“முன் படம் இருக்கு. பின் படம் எங்க?” என்றார்.

“சார், பின் படம் லாக்கர் போட்ட பின்னாடிதானே?”

“ஆமா.”

“லாக்கர் போடுறது நீங்க அனுமதி குடுத்த பின்னாடிதானே?”

“ஆமா.”

“அப்ப பின் படம் எப்படி சார்?”

“பின் படம் இல்லாம அனுமதி எப்படிங்க?”

நியாயம்தானே! நானாக இருந்தாலும் அதையேதான் கேட்டிருப்பேன். பாய்க்குப் போன் போட்டேன். லாக்கர் சக்கர அச்சுக்கு உள்ளே உட்காரும், வெளியிலிருந்து பார்த்தால் முன்னும் ஒன்றுதான் பின்னும் ஒன்றுதான் என்றார். நிம்மதியாக, அதே படத்தை இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ‘முன்’ என்றும் மற்றதில் ‘பின்’ என்றும் எழுதிக் கொடுத்தேன்.

ஒரு மாதம் கழித்து ஹேமநாதன் கூப்பிட்டார். “ரெண்டு படத்துலயும் வித்தியாசம் தெரியலையே.”

“தெரியாது சார். உள்ள இருக்கிற சாமான்.”

“தெரியாட்டி மேலிடத்துல எப்படிங்க ஒத்துக்குவாங்க? கண்ணுக்குத் தெரியிற மாதிரி ஏதாச்சும் செய்யுங்க. ஓட்டுநருக்கு எதிர்ல இருந்தா ரொம்ப நல்லது.”

செய்தோம். சிவப்பும் மஞ்சளுமாக, ‘லாக்கர் பொருத்தப்பட்டது’ என்று ஸ்டிக்கர் அடித்தோம். அச்சகத்தில் ஐம்பதுக்குக் குறைந்து அடிக்க மாட்டார்களாம், ஐம்பது அடித்தோம். ஒன்றை ஸ்டீயரிங்குக்குப் பக்கத்தில், அந்தப் பழுதான பொத்தானின் மேல் ஒட்டினேன். அசிங்கமும் மறைந்தது. புதுப் படம் போனது. பதிலும் வந்தது, அதுவும் பத்தே நாளில்! ‘தங்கள் வாகனத்தில் லாக்கர் வெற்றிகரமாகப் பொருத்தப்பட்டமைக்குப் பாராட்டுகள். ஏற்கெனவே பொருத்தப்பட்டுள்ளதால் பொருத்துவதற்கான உதவி தேவைப்படாது எனக் கருதப்படுகிறது.’

மனோகரன் கடிதத்தைச் சட்டம் போட்டு மாட்டினார். மீதி ஸ்டிக்கருக்குக் கிராக்கி வந்துவிட்டது. செடெனாக்கில் ஒரு ஜீப் குழு இருபது கேட்டு வாங்கிப் போனது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளை ஏற்றுகிற வேன்காரர்கூட ஒன்று ஒட்டினார். வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது, என் சின்னக் காரிலும் ஒன்று ஒட்டியிருக்கிறேன்.

ஜனவரியில் மறுபடி அடை மழை. சனிக்கிழமை காலை ஆறரை. அதே மேடு, அதே இடம். கியரை, நாலு சக்கரமும் மெதுவாகப் பலத்தோடு சுற்றுகிற ‘லோ’வில் போட்டு மிதித்தேன். ஒரு சக்கரம் வெட்டியாகச் சுற்றியது, வண்டி முனகிக்கொண்டு நின்றது. சனிக்கிழமை பழம் வெட்டு இல்லை. டிராக்டர் வராது. அக்கா முன் சீட்டில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கால் இரண்டும் செருப்புக்குள் நுழையாமல் வீங்கியிருந்தன. இந்தத் தடவை படம் எடுக்க எனக்குக் கை வரவில்லை.

“கிராணி, இது என்னா ஸ்டிக்கர்?”

“லாக்கர் பொருத்தினதுக்கு அடையாளம்கா.”

“பொருத்தியாச்சா?”

“பொருத்தப்பட்டதாகக் கருதப்படுது.”

அக்கா என்னை ஏற இறங்கப் பார்த்தார். “அப்ப நானும் டயாலிசிஸ் செஞ்சிக்கிட்டதாகக் கருதிக்கிட்டு வீட்டுக்குத் திரும்பிப் போயிரட்டா?”

அவர் எரிச்சலில் ஸ்டிக்கரின் ஓரத்தை நகத்தால் கிள்ளினார். கிள்ளிக் கிள்ளிப் பாதியை உரித்துவிட்டார். உள்ளே பொத்தான் தெரிந்தது. “இது என்னா எழவு?” என்று ஒரு குத்து விட்டார். மஞ்சள் விளக்கு ஒன்று கண் சிமிட்டியது. ‘டக்’கென்று அடியில் ஒரு சத்தம். விளக்கு நிலையாக எரிந்தது. நான் லேசாக மிதித்தேன். இரண்டு சக்கரமும் சேர்ந்து கடித்துப் பிடித்து, வண்டி முக்கி, ஏறி, மேட்டின் அந்தப் பக்கம் இறங்கிவிட்டது.

“அலமாக்!” என்றேன். எங்கள் ஊரில் ‘ஐயையோ’ என்பதற்கு அதுதான் வார்த்தை. ஏழு அடிக்கும்போது அக்கா நாற்காலியில் இருந்தார்.

பாய்க்குப் போன் போட்டேன். “அதைத்தானேண்ணே அன்னைக்குச் சொல்ல வந்தேன். சில வண்டியில கம்பெனியே போட்டு அனுப்பும். லோவுல போட்டாத்தான் அது வேலை செய்யும்” என்றார். வாசலில் நிறுத்தி வைத்து அழுத்தினால் என்ன நடக்கும்?

அவசரக் கூட்டம் கூடியது. மனோகரன் மீசையைத் தடவினார். “செக்ரெட்ரி, லாக்கர் இருக்குன்னு பொய் சொன்னோம். அது உண்மையா போச்சு. இதுக்கு ஏதாச்சும் படிவம் இருக்கா?”

“இல்லைங்க.”

“அப்ப நமக்கு ஆபத்து. ‘முன்’ படத்துலயே லாக்கர் இருந்திருக்குன்னு தெரிஞ்சா ஹேமநாதன் சார் சும்மா விடுவாரா?”

பொத்தான் வழக்கம்போலப் பழுது என்று தீர்மானித்தோம். புது ஸ்டிக்கர் ஒட்டுவதென்றும், சங்கத்தின் உபகரணத்தை முன் அனுமதியின்றி அழுத்திய பயணியிடம் விளக்கம் கேட்பதென்றும் தீர்மானித்தோம். வேண்டாம் என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. கடிதத்தை நானே எழுதி, செவ்வாய்க்கிழமை அக்காவிடம் நேரில் கொடுத்தேன். அந்த அம்மாள் முகத்தைப் பார்த்துக் கொடுக்க முடியவில்லை, ரோட்டைப் பார்த்துக்கொண்டு கொடுத்தேன்.

வியாழக்கிழமை மறுபடி மழை. மேட்டில் வண்டி நின்றது. அக்கா கைப்பையைத் திறந்து, நான்காக மடித்த ஒரு கொப்பித் தாளை நீட்டினார். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்பு வரை படித்தவர், எழுத்து முத்து முத்தாக இருந்தது.

‘ஐயா, மேற்படி மேட்டில் மேற்படி வண்டி ஏற வேண்டி, மேற்படி பொத்தானை அழுத்த அனுமதி கோருகிறேன். அழுத்தாவிட்டால் நான் செத்துப்போவேன் எனக் கருதப்படுகிறது. இப்படிக்கு, கிருஷ்ணம்மா.’

தேதி இருந்தது, பொருள் இருந்தது, கையெழுத்தும் இருந்தது. ஒரு குறை சொல்ல முடியாது. நீங்கள் நம்ப மாட்டீர்கள், அந்த நேரத்திலும் என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போய்த் தடவியது.

“அக்கா, முத்திரையை வீட்டில வச்சிட்டேன்...”

சொல்லி முடிப்பதற்குள் அவர் ஸ்டிக்கரைக் கிழித்துவிட்டார். மஞ்சள் விளக்கு எரிந்தது.

அந்தத் தாளைக் கோப்பில் சேர்த்திருக்கிறேன். லாக்கர் சம்பந்தமாக அதில் மொத்தம் நாற்பத்தேழு தாள். எழுதினபடி வண்டி நகர்ந்தது அந்த ஒரு தாளுக்குத்தான். அது ஒன்றில்தான் முத்திரை இல்லை. அடுத்த கூட்டத்துக்கு முன்னால் குத்திவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.