ஆற்றிடம் கைநாட்டு வாங்கப் போனவர்

உலகத்தில் எந்தப் பத்திரத்தைக் கொடுத்தாலும் அதில் ஓர் ஓட்டை கண்டுபிடிக்கக்கூடிய மனிதர் ஒருவர்தான் பிறந்தார். அவரும் உத்தமபாளையம் பத்திர ஆபீஸ் வாசலில் எனக்குப் பக்கத்து மேஜையில் வந்து உட்கார்ந்தார். ஊர் வைத்த பெயர் வில்லங்க ராவுத்தர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவருக்கே மறந்திருக்கும். அவர் பத்திரம் எழுதுவார், நான் டைப் அடிப்பேன். எங்களுக்குள் மாமா, மாப்ளே என்றுதான் பழக்கம்.

கல்யாணப் பத்திரிகை கொடுத்தால்கூட முழுதாக வாசித்துவிட்டு, "பொண்ணோட சம்மதம் இதுல எங்கன இருக்கு?" என்பார். கொடுக்க வந்தவர் தாம்பாளத்தோடு ஓடுவார். மற்ற நேரமெல்லாம் மேற்கு மலையில் மேகம் இறங்குவதைப் பார்த்தபடி சொப்பனத்தில் இருப்பார். கூப்பிட்டால் திரும்பி வரக் கால் மணி நேரம் ஆகும்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு வக்கீல் வேலை மெனக்கெட்டு முல்லைப் பெரியாறு ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்துச் சொல்ல, ராவுத்தர் அதை எழுதிக்கொடுத்தார். திருவிதாங்கூர் மகாராஜாவும் வெள்ளைக்கார சர்க்காரும் எழுதிக்கொண்ட தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பது வருஷக் குத்தகை. மூன்று நாள் ராவுத்தருக்குச் சோறு இறங்கவில்லை.

"மாப்ளே, பெரிய ஓட்டை!"

"அய்யய்யோ, அணையிலயா மாமா?"

"பத்திரத்துலடா. அணை கட்டுனவுக புண்ணியத்துலதான் சோறு திங்கிறோம், அவுகள நான் குறை சொல்லல. ராசா தரப்பு இருக்கு, வெள்ளக்காரன் தரப்பு இருக்கு. ஆத்துக்கிட்ட ஒரு கைநாட்டு வாங்குனாகளா? தண்ணி குடிக்கிற நம்மளக் கேட்டாகளா? மலையில கெடக்குற ஆனையக் கேட்டாகளா?"

அந்தச் சமயம் பார்த்துத் தேனியில் ஒரு கருத்தரங்கம் வந்தது. ஆண்டுவிட்டுப் போனவர்கள் எழுதிய ஒப்பந்தங்கள் ஆற்றையும் காட்டையும் இன்றைக்கும் எப்படிக் கட்டி வைத்திருக்கின்றன என்று ஆராயும் சர்வதேசச் சுற்றுச்சூழல் சட்டக்காரர்கள் வருகிறார்களாம். அந்த வக்கீலின் தயவில் ராவுத்தருக்கு அங்கே பேசப் பத்து நிமிஷம் கிடைத்தது. "முப்பது வருசமா அடுத்தவுக சொத்தவே எழுதிட்டேன் மாப்ளே. என் வார்த்தை ஒண்ணு கடல் தாண்டட்டும்" என்றார். அந்தக் குரல் எனக்கு இன்னும் கேட்கிறது.

முத்திரைத்தாளில் புது ஒப்பந்தம் எழுதினார். ஒன்றாம் தரப்பு பெரியாறு. இரண்டாம் தரப்பு மலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருக்கிற சனங்கள். பால்பாயிண்ட் பேனாவைப் பத்திரத்தின் பக்கம் அண்டவிட மாட்டார், எல்லாம் மைப்பேனா. கருத்தரங்கத்துக்கு முதல் நாள் என்னையும் இழுத்துக்கொண்டு லோயர் கேம்ப்புக்கு பஸ் ஏறினார்.

மலையிறங்கி வந்த பெரியாற்றுத் தண்ணீர் பனிமூட்டத்துக்குள் சலசலத்துக்கொண்டிருந்தது. ஆற்றின் கைநாட்டுக்காகத் தாளின் ஓரத்தை மட்டும் நனைக்கத்தான் குனிந்தார். இழுப்பில் தாள் முழுதும் முங்கிவிட்டது. எடுத்தபோது முத்திரை மட்டும் பாக்கி. அவருடைய அழகான கையெழுத்து நீல நூலாகப் பிரிந்து கம்பம் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

"எல்லாம் போச்சே மாமா!"

"பொறுடா. ஆறு வாசிச்சுக்கிட்டே போகுது" என்றார், கண் எடுக்காமல். நானும் பார்த்தேன். சிரிப்பு வரவில்லை, அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் அந்த வெற்றுத்தாளோடு மேடை ஏறினார். மலையாளத்துச் சட்ட மாணவி ஒருத்தி அவர் பேச்சை இங்கிலீஷில் சொன்னாள். முன்வரிசையில் இருந்த வெள்ளைக்கார அம்மாள், "எங்கள் நாட்டின்மேல் வழக்குப் போடுவீர்களா?" என்று கேட்டாள்.

"ஒங்க தாத்தா எழுதுனதுக்கு ஒங்களச் சொல்லி என்னம்மா செய்ய? அடுத்து உலகத்துத் தண்ணிக்கெல்லாம் சட்டம் எழுத ஒக்காருவீகள்ல, அப்ப எங்களயும் கூப்பிடுங்க. ஓரமா ஒக்காந்துக்கிறோம்."

அந்த மாணவி அதை மொழிபெயர்த்து முடிக்குமுன் தேநீர் இடைவேளை என்று மைக்கில் அறிவித்துவிட்டார்கள். அரங்கம் எழுந்துவிட்டது.

திரும்பும் பஸ்ஸில் சின்னமனூர் தாண்டியதும் ராவுத்தர் கேட்டார்: "எனக்கு அம்புட்டுத் தூரம் கண்ணு தெரியல மாப்ளே. அந்தம்மா நான் சொன்னத எழுதுனாகளா?"

அந்த அம்மாள் பேனாவை மூடிப் பைக்குள் போட்டதை நான் பார்த்திருந்தேன்.

"எழுதுனாக மாமா" என்றேன். "அடிக்கோடு போட்டு எழுதுனாக."