ஓசெல்லா வாங்கின பூசணி

டெட்ராய்ட்,
அக்டோபர், செவ்வாய்க்கிழமை.

மகா கனம் பொருந்திய மைத்துனர், போதகர் எசேக்கியா டன்லப் அவர்களின் சமுகத்திற்கு, தங்கள் தங்கை ஓசெல்லாவின் கணவன் எல்பர்ட் கிரிக்ஸ்பி பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கு ஆண்டவர் கிருபையால் என் இடது முழங்கால் நீங்கலாக அனைவரும் சுகம். அலபாமாவில் தாங்களும், தங்கள் துணைவியாரும், சபையாரும், ஒழுகிக்கொண்டிருந்த ஆலயக் கூரையும் சுகமென்று நம்புகிறேன். கல்யாணமான நாள் முதல் தங்கள் தங்கையைப் பற்றி ஒரு குறையும் தங்களுக்கு எழுதியவனல்ல. எழுதத் துணிந்தபோதெல்லாம் தபால்தலை எந்த மேசை இழுப்பறையில் இருக்கிறதென்று அவள் சொல்ல மறுத்துவிட்டாள். இந்தத் தபால்தலை நானே கடைக்குப் போய் வாங்கியது. விஷயத்தின் தீவிரத்தைத் தாங்கள் இதிலிருந்தே உணரலாம்.

எங்கள் பழைய வண்டி துருவேறி அடிப்பலகை ஓட்டையாகி, ஓட்டும்போதே ரோடு தெரிய ஆரம்பித்ததால், சென்ற ஏப்ரலில் வேறு வண்டி வாங்குவதென்று முடிவானது. என் யோசனை அடக்கமானது: வெள்ளை நிறம், நாலு கதவு, ஏறி இறங்க வசதி, வாய் திறக்காத சுபாவம். அன்று முழங்காலுக்கு ஒத்தடம் கொடுத்துக்கொண்டிருந்ததால் அவளைத் தனியாக அனுப்பினேன். அதுதான் நான் செய்த தப்பு. சாயங்காலம் ஜன்னல் கண்ணாடி கிடுகிடுவென்று ஆடியது. பூகம்பம் என்று நினைத்து மேசைக்கடியில் போகலாமா, முழங்கால் மடங்குமா என்று யோசித்துக்கொண்டே வெளியே வந்தால், வாசலில் பூசணிக்காய் நிறத்தில் ஒரு வண்டி. நாம் வாலிபர்களாக இருந்தபோது உட்வர்ட் அவென்யூவில் பறந்ததே, நீட்டு மூக்கு, முறைக்கிற முகம், எஞ்சின் மூடிமேல் இரண்டு கறுப்புப் பட்டை, அதே அச்சு. ஆனால் அதற்கு முந்தின மாதம்தான் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தது. அந்தக் காலத்து மூஞ்சி, இந்தக் காலத்து வயிறு.

"என்னடி இது?"

"வண்டி."

"யாரோடது?"

"நம்மளோடதுன்னு சொல்லணுமேன்னு சொல்றேன்."

"இதுக்கு ரெண்டு கதவுதான் இருக்கு!"

"நமக்கு ஆளுக்கு ஒண்ணு போதாதா? இதோ பாரு எல்பர்ட், முப்பது வருஷம் கார் ஃபேக்டரியில நின்னு அடுத்தவன் பிள்ளைகுட்டி உட்கார சீட்டு முடுக்கினேன். இப்ப எனக்குன்னு ஒரு சீட்டு. நகரு, நீ நிக்கிற இடத்துலதான் நிறுத்தணும்."

நகர்ந்தேன் மச்சான். அன்றிலிருந்து நகர்ந்துகொண்டேதான் இருக்கிறேன்.

இதன் குறைகளைச் சொல்ல ஆரம்பித்தால் தபால்காரர் சுமக்க மாட்டார். ஜன்னல் என்ற பெயரில் தபால்பெட்டிக்கு வாய் வைத்த மாதிரி ஒரு பிளவு. பின்பக்கம் கூரையைத் தாங்கும் தூண்கள் ரெண்டும் தேவாலயத் தூண் கனம், பின்னால் யார் நிற்கிறார்கள் என்று ஓட்டுகிறவருக்கும் தெரியாது, நிற்கிறவருக்கும் தப்பிக்க வழியில்லை. பின்பக்கம் பார்க்கக் கேமரா இருக்கிறது என்கிறாள். இருந்தும் எங்கள் குப்பைத்தொட்டி இப்போது தோசைக்கல் மாதிரி தட்டையாக இருக்கிறது. டிக்கி ஆழம், வாய் குறுகல். உள்ளே உருண்டுபோன தர்பூசணியை எடுக்க நான் இடுப்புவரை இறங்கினேன், அவள் என் பெல்ட்டைப் பிடித்துக்கொண்டாள், எதிர்வீட்டுக்காரர் படம் எடுத்தார். பெட்ரோல் குடிப்பதை வர்ணிக்க வேண்டாம், தாங்கள் மதுவிலக்குப் பிரசங்கம் செய்கிறவர். ஆனால் அந்த பங்க்கில் நடப்பதைச் சொல்லியே ஆகணும். இறங்கினதும் கூட்டம் கூடிடுது. நரைச்ச தாடிக்காரன், பச்சை குத்தினவன், போலீஸ்காரி, எல்லாரும் வந்து "அம்மா, ஒரு தடவை சத்தம் குடுங்கம்மா!"ன்னு கெஞ்சுறாங்க. இவ காலால ஒரு மிதி மிதிக்கிறா, கை தட்டுறாங்க. பக்கத்துல நின்னு போட்டோ எடுத்துக்கிறாங்க. என்னை மட்டும், "ஐயா, கொஞ்சம் தள்ளி நின்னீங்கன்னா வண்டி முழுசா விழும்"ங்கிறாங்க.

இப்படியிருக்க, ஜூன் மாதம் ஒரு மழை ஞாயிறன்று பக்கத்து வீட்டு ரூஃபஸ் பிரவுன்லியையும் அவர் மனைவி மாவிஸையும் கோவிலுக்கு ஏற்றிக்கொண்டோம். ரூஃபஸ் எஞ்சின் ஃபேக்டரியில் ஆயுள் முழுக்க வேலை செய்து காது போனவர். காது மெஷின் மாட்டினாலும் நாலு தடவை கத்தணும். அவருக்குக் கால் நீளம், அதனால் முன்சீட்டு. பின்சீட்டில் நானும் மாவிஸும், மாவிஸின் தொப்பியும். அதை சீட்டு என்று சொல்வது மரியாதைக்காக. இரண்டு குழந்தைகள் சண்டை போட்டுக்கொண்டு உட்காரலாம். என் முழங்கால் என் தாடையைத் தொட்டது. கோவில் வாசலில் நான் எப்படியோ வழுக்கி வெளியே விழுந்துவிட்டேன். மாவிஸ் வரவில்லை. முன்சீட்டை மடித்தோம், தள்ளினோம், உள்ளே முதல் பாட்டு ஆரம்பித்துவிட்டது, வாசலில் நிற்கிற மூப்பர்கள் இரண்டு பேர் வெள்ளைக் கையுறையோடு வந்து ஆளுக்கொரு கையைப் பிடித்து இழுத்தார்கள். மாவிஸ் வந்தார். தொப்பி வரவில்லை.

"ஓசெல்லா," என்றார் மாவிஸ், மூச்சு வாங்க, "நான் செத்தாக்கூட என்னை இந்த வண்டியில ஏத்தாதே. நடந்தே போயிக்கிறேன்."

ஓசெல்லா முன்சீட்டுப் பக்கம் திரும்பிவிட்டாள். அவள் ரூஃபஸைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மனுஷன் இன்னும் முன்சீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறார். காது மெஷினைக் கழற்றி மடியில் வைத்துவிட்டு, உள்ளங்கையை எஞ்சின் ஓட்டத்தில் அதிர்கிற முன்பலகையில் பதித்திருக்கிறார்.

"மாவிஸ்! இது பேசுதுடி! எனக்குக் கேக்குது!"

"கோவில்ல பாட்டுப் பாடுறாங்க, அதைக் கேளு!"

"அது கேக்கல. இது கேக்குது!"

அதற்குப் பிறகு தினமும் காலையில் உங்க தங்கச்சி ஒரு காரியம் பண்ண ஆரம்பிச்சா. ரூஃபஸ் வீட்டு வாசல்ல நிறுத்தி, ஒரு நிமிஷம் உறுமவிட்டுட்டுத்தான் எங்கேயும் போவா. பவுசு காட்டுறான்னுதான் நினைச்சேன். ஆகஸ்ட்ல ரூஃபஸுக்கு இருதயம் தளர்ந்து படுக்கையாயிட்டார். அப்பவும் இவ நிறுத்தல. எனக்குக் கோபம் வந்துருச்சு.

"அறிவிருக்கா உனக்கு? நோயாளி படுத்திருக்கிற வீடு. சவப்பெட்டியைத் தயார் பண்ணுங்கன்னு சொல்ற மாதிரி வாசல்ல நின்னு உறுமுற!"

"அவர் கட்டிலைச் சுவரோரமா நகர்த்திப் போட்டிருக்கு, எல்பர்ட். சுவர் அதிர்றது கைக்குத் தெரியுதாம். நேத்து சிரிச்சாராம்."

"மாவிஸ் திட்டலையா?"

"கட்டிலை நகர்த்தினதே மாவிஸ்தான்."

செப்டம்பரில் ரூஃபஸ் போய்ச் சேர்ந்தார். சவ ஊர்வலத்துக்காவது யாருடைய கறுப்பு வண்டியிலாவது போகலாம் என்று காலில் விழாத குறையாகக் கேட்டேன். கேட்டாளா? கறுப்பு வண்டிகள் வரிசைக்கு நடுவில் பூசணி. மெதுவாகப் போவது அதற்குப் பழக்கமில்லை. சங்கிலியில் கட்டின நாய் மாதிரி முனகிக்கொண்டே வந்தது. வெட்கத்தில் தலையைக் குனிந்தேன். குனிய அவசியமே இல்லை, அந்த ஜன்னலில் என் தொப்பி உச்சிதான் தெரிந்திருக்கும். நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும் என்பதால் இந்த ஒரு வசதியையும் எழுதுகிறேன்.

கல்லறையில் ஜெபம் முடிந்து, பாட்டு முடிந்து, பெட்டியை இறக்கப் போகிற நேரம். மாவிஸ் நாற்காலியை விட்டு எழுந்து நேரே ஓசெல்லாவிடம் வந்தார். போச்சு, இங்கேயே வைத்து வாங்கப் போகிறார் என்று நான் ஒரு மரத்தின் பக்கமாக ஒதுங்கினேன்.

"சாவி வெச்சிருக்கியா?"

"இருக்கு."

"போய் அந்தச் சத்தத்தைப் போடு. இவ்வளவு நேரம் பாடினது எதுவும் அவருக்குக் கேட்டிருக்காது."

ஓசெல்லா போனாள். மச்சான், அவள் மிதித்த மிதியில் குளத்திலிருந்த வாத்துக் கூட்டம் மொத்தமும் எழும்பியது. சவ அடக்கக்காரர் கையிலிருந்த பூச்செண்டைப் போட்டுவிட்டார். எஞ்சின் ஃபேக்டரியிலிருந்து வந்திருந்த கிழவர்கள் ஒவ்வொருத்தராகத் தொப்பியைக் கழற்றினார்கள். மாவிஸ் உள்ளங்கையைப் பெட்டியின் மேல் வைத்துக்கொண்டு நின்றார், சத்தம் அடங்குகிறவரை எடுக்கவில்லை. என் கண்ணில் தண்ணீர் வந்தது. புகை என்று சொல்லியிருப்பேன். புதுசு பாருங்கள், அதில் புகையும் வருவதில்லை. அதுவும் ஒரு குறைதான்.

ஆனாலும் அழுகை வேறு, போக்குவரத்து வேறு. நவம்பரில் பனி விழும். தள்ளுகிற பலமெல்லாம் பின்சக்கரத்தில் இருக்கிற இந்த வண்டி, பனியில் எண்ணெய் தடவின பன்றி மாதிரி எந்தப் பக்கம் போகும் என்று அதற்கே தெரியாது. இவளோ அந்த மாதக் கடைசியில் வரும் நன்றி நாள் விருந்துக்கு உங்க ஊருக்கே இதில் வரணும்கிறாள். என் முழங்கால் வழியிலிருக்கும் டென்னசி மாநிலத்தைத் தாண்டாது. எனவே தாங்கள் தயவுசெய்து நேரில் வந்து, அண்ணன் என்ற முறையிலும் தேவ ஊழியர் என்ற முறையிலும் புத்தி சொல்லி, இதை விற்க வைத்து, வெள்ளை நிறத்தில் நாலு கதவு வாங்க வைக்கும்படி மன்றாடுகிறேன்.

தங்கள் மேய்ச்சல் செழிக்கவும், காணிக்கைத் தட்டு கனக்கவும், கூரை ஒழுகாதிருக்கவும் வேண்டி,

தங்கள் மைத்துனன்,
எல்பர்ட் கிரிக்ஸ்பி.

பி.கு.: கடிதத்தை ஒட்டுவதற்குள் ஒன்று நடந்துவிட்டது. ஓசெல்லாவுக்குத் தெரியாமல், வண்டி விற்பனைக்கு என்று முடிதிருத்தும் கடைச் சுவரில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தேன். இன்று அவள் கோவில் பாடகர் குழு ஒத்திகைக்கு வேறொருவர் வண்டியில் போயிருந்த சமயம், புறநகரிலிருந்து ஒரு பல் டாக்டர் வந்தார். ஒளிவுமறைவில்லாமல் எல்லாக் குறையும் சொன்னேன். குப்பைத்தொட்டியைக் காட்டினேன். பின்சீட்டில் உட்காரவைத்து, வெளியே இழுத்தும் விட்டேன். சொல்லச் சொல்ல மனுஷனுக்கு வாயெல்லாம் பல். "பிரமாதம்! இதை நான் ஓட்டவே போறதில்ல ஐயா. ஷெட்ல வெச்சு, போர்வை போத்தி, பேட்டரியைக் கழற்றிருவேன். இருபது வருஷம் கழிச்சு நல்ல விலை போகும்"ன்னார். எனக்கு என்ன ஆச்சோ தெரியல மச்சான். "வித்துப்போச்சு"ன்னுட்டேன். "யாருக்கு?"ன்னார். "பக்கத்து வீட்டம்மா ஒருத்தங்களுக்கு, தினமும் காலையில அந்தச் சத்தம் வேணுமாம்"ன்னு சொல்லி அனுப்பிட்டு, ஓடிப்போய் (முழங்காலோடதான்) கடைச் சுவர்ல இருந்த சீட்டைக் கிழிச்சுட்டேன். ஆனா கடைக்காரர் சொல்றார், பாடகர் குழு ஆள் ஒருத்தர் ஏற்கனவே படிச்சுட்டாராம். ஆகவே தாங்கள் புறப்பட்டு வர வேண்டாம். ஓசெல்லா போன் பண்ணினால், அந்தச் சீட்டை ஒட்டச் சொன்னது தாங்கள்தான் என்று மட்டும் சொல்லிவிடுங்கள். தாங்கள் போதகர், ஒரு பொய்யைத் தாங்குவீர்கள். அவள் உங்களைத் திட்டினாலும் ஒரு போனோடு போகும். நான் அலபாமா வரை பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வர வேண்டியவன்.