டொக்கு கூப்பிட்டால் கம்ப்யூட்டர் பேச வேண்டும்

இதை எழுதலாமா வேண்டாமா என்று பல வருடம் தயங்கினேன். இதில் சாமி விஷயமும் கம்ப்யூட்டர் விஷயமும் கலந்து கிடக்கின்றன. முதலாவதில் எனக்குப் பயம், இரண்டாவதில் அறிவு கிடையாது. ஆனாலும் டொக்குவைப் போல் இன்னொரு ஆளை எங்கள் ஊர்ச் சாமி பழமலைநாதர் படைக்கவில்லை என்பதை யாராவது சொல்லித்தானே ஆக வேண்டும்.

இரண்டாயிரத்துச் சொச்சத்தில் விருத்தாசலத்தில் ஒரு பீங்கான் பொம்மைக் கம்பெனி. அங்கே பேக்கிங் ஷெட்டில் பில் போடுவது என் வேலை. டொக்கு தரம் பார்ப்பவர். பொம்மையை விரலால் தட்டுவார். கணீரென்றால் பெட்டிக்கு, சத்தம் அடைத்தால் விரிசல், குப்பைக்கு. அந்த விரல் அதோடு நிற்காது. டீ கிளாஸைத் தட்டும். ஏறப்போகும் பஸ்ஸைத் தட்டும். பெண் பார்க்கப் போன வீட்டில் மாமனாராக வேண்டியவரின் வழுக்கையைத் தட்டியதால்தான் சம்பந்தம் நின்றது என்பார்கள். ஒரு பிரதோஷத்தன்று என் கண் முன்னால் நந்தியைத் தட்டி, காது வைத்துக் கேட்டு, "நல்ல சரக்குண்ணே" என்றார். இருவருக்கும் சேர்த்து நானே கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.

ஆபீஸில் ஒன்று, என் ஷெட்டில் ஒன்று என்று கம்ப்யூட்டர் வந்தபோது அவற்றைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவருக்கே வந்தது. ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றைக் கூப்பிட்டுப் பார்க்க 'பிங்' என்று ஒன்று உண்டு என யாரோ சொல்லிக்கொடுத்துவிட்டார்கள். தட்டிப் பார்க்கும் ஆளுக்கு வேறென்ன வேண்டும்? காலையில் ஆபீஸிலிருந்து என் கம்ப்யூட்டரைக் கூப்பிடுவார். பதில் வந்தால்தான் டீ.

மாசி மகத்தன்று வந்தது வினை. முந்தின நாள் புது விண்டோஸ் போட்டதில், ஃபயர்வால் என்று ஒரு காவல்காரனும் கூடவே வந்துவிட்டான். நான் அனுப்பும் பில் ஆபீஸ் பிரிண்டரில் ஒழுங்காக வந்தது. ஆனால் வெளியிலிருந்து கூப்பிட்டால் என் கம்ப்யூட்டர் வாய் திறக்கவில்லை. எனக்கோ லாரிக்கு பில் போட்டுவிட்டு மணிமுத்தாற்றில் சாமி முழுகும் தீர்த்தவாரியைப் பார்க்க ஓட வேண்டும். கல்யாணமானதிலிருந்து ஒரு வருடமும் தவறவிட்டதில்லை.

நான் பில் போட முடியாதபடி டொக்கு மவுஸைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"பில்லுதான் வருதேப்பா."

"அது தானா பேசறதுண்ணே. கூப்பிட்டா பேசணுமில்ல? சத்தம் வராத பொம்மைய லாரில ஏத்துவீங்களா?"

முதலாளி வந்தார். "யோவ் டொக்கு, அந்த வால அமுத்திட்டு ஆள வுடுய்யா."

டொக்கு ஃபயர்வாலை மொத்தமாக அணைத்துவிட்டு ஆபீஸுக்கு ஓடினார். பதில் வந்துவிட்டது. நான் வேட்டியை மடித்துக் கட்டினேன். திரும்பி வந்தவர் மறுபடி ஃபயர்வாலைப் போட்டுவிட்டார்.

"ஏம்ப்பா?" என்றேன், அழாத குறையாக.

"சூளைல வெந்துதானு பாக்கக் கதவையா தொறக்கறோம்? சின்ன ஓட்டைல அடைப்ப உருவிப் பாக்கறோம். அதுபோல பிங்குக்கு மட்டும் வழி வுடணும்."

"சாமி ஆத்துக்கு வந்துடுவாருப்பா."

"வந்தா எங்கண்ணே போவாரு, நம்ம ஊருதான?"

முதலாளி தலையில் அடித்துக்கொண்டு தீர்த்தவாரிக்குக் காரேறினார்.

ஃபயர்வாலுக்குள் தோண்டித் தோண்டி, கட்டம் கட்டமாக ஒரு வரிசையைப் பிடித்தார் டொக்கு. ஏதோ ஒன்றில் டிக் அடித்தால் பிங்குக்கு வழி. எதில் என்றுதான் தெரியாது. பக்கத்தில் இருந்த இங்கிலீஷ் எங்கள் இருவருக்கும் எட்டவில்லை. கீழிருந்து ஆரம்பித்தார். டிக் அடிப்பார், ஆபீஸுக்கு ஓடுவார், பதில் இல்லை, திரும்பி ஓடி வந்து அடுத்த கட்டம். ஆற்றுப் பக்கம் மேளம் கேட்டது. பிறகு வேட்டு. பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. சரியான கட்டம் வரிசையில் முதலாவதாக இருந்தது.

"பேசுதுண்ணே" என்று ஆபீஸிலிருந்து குரல் வந்தது. பில் போட்டேன். லாரி போனது. நான் காலிப் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டேன்.

என் முகத்தைப் பார்த்தவர் தன் வண்டியைக் கிளப்பி என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டார். ஆற்றிலிருந்து சாமி கிளம்பிவிட்டிருந்தார். மிதித்த பூவும் வாழை இலையும் கிடந்தன. டொக்கு செருப்பைக் கழற்றிவிட்டு பேண்ட்டோடு தண்ணீரில் இறங்கினார்.

"குனிங்கண்ணே. சாமி முழுகுன தண்ணிதான், இங்கயே நிக்குது."

இரண்டு கையாலும் அள்ளி என் தலையில் ஊற்றினார். ஊற்றும்போது அவர் கண்ணை மூடியிருந்தார்.

இதைப் படித்துவிட்டு யாரிடமாவது சொல்பவர்கள் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள். அந்த வருடம் நான் தீர்த்தவாரியைத் தவறவிட்டேன் என்று மட்டும் மாற்றிவிடாதீர்கள்.