கைப்பிடி திரும்பும் இடம்

வளைந்து ஏறும் மாடிப்படிக்கு ஒரு மரக் கைப்பிடி. கம்ப்யூட்டர் திரையில் அது ஒழுங்காகத்தான் வந்திருந்தது, ஒரே ஒரு திருப்பத்தைத் தவிர. அங்கே மட்டும் யாரோ கிள்ளி வைத்ததுபோல் சுருங்கிக் கிடந்தது.

"காலையில பத்து மணிக்குக் கஸ்டமர் வருவார். அவர் சொல்றபடி திருத்து. எதிர்த்து ஒரு வார்த்தை பேசினே, ஆர்டரும் போயிடும், உன் வேலையும் போயிடும்" என்று முந்தின நாளே மேனேஜர் வரைவாளரிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பத்தடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போதே ஆள் வந்துவிட்டார். தேய்த்த சட்டை, மார்போடு அணைத்த ஃபைல். வரைவாளர் பதறி எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"பாருங்க சார். மேலேயிருந்து பார்த்தா தெரியற வளைவு இது. பக்கத்திலிருந்து பார்த்தா தெரியற ஏற்றம் இது. ரெண்டையும் சேர்த்து ஒரே கோடாக்கி, அது மேல கைப்பிடியை ஓட விட்டிருக்கேன். இந்தத் திருப்பத்துலதான் இடிக்குது. என்ன பண்ணலாம், நீங்களே சொல்லுங்க."

வந்தவர் ஃபைலை மடியில் வைத்துக்கொண்டு திரையை உற்றுப் பார்த்தார்.

"கோட்டுல இன்னும் ரெண்டு புள்ளி சேர்க்கலாம் சார்" என்றார் வந்தவர் கடைசியில்.

கஸ்டமர் தன்னை 'சார்' என்கிறார்! குத்தல்தான், வேறென்ன.

புள்ளிகளைச் சேர்த்தார். சுருக்கம் போயிற்று. கைப்பிடி முழுக்கப் பாம்பாக நெளிந்தது.

"இப்ப என்ன பண்றது சார்?"

வந்தவர் கைக்குட்டையால் நெற்றியைத் துடைத்தார். கோபத்தை அடக்குகிறார் என்று வரைவாளர் புரிந்துகொண்டார்.

"புள்ளியையெல்லாம் குறைச்சு, கோட்டை மழமழன்னு ஆக்கிடலாம் சார்" என்றார் வந்தவர்.

ஆக்கினார். நெளிவு அடங்கியது. ஆனால் திருப்பத்தில் கைப்பிடி புரண்டு, மேல்பக்கம் அடிப்பக்கமாகிவிட்டது. அதைப் பிடித்து ஏறுகிறவன் தலைகீழாகத்தான் ஏறவேண்டும்.

"இதுக்கு என்ன சொல்றீங்க?" என்று வரைவாளர் திரையைக் காட்டினார்.

"பழைய கோட்டை மொத்தமா அழிச்சிட்டு, ஸ்பிரிங் மாதிரி புதுசா ஒண்ணு போட்டா..."

மூன்று நாள் உழைப்பு! வரைவாளர் பல்லைக் கடித்துக்கொண்டு அழித்தார். புதுக் கோட்டைப் போட்டார். பதற்றத்தில் பழைய ஃபைலின் மேலேயே சேமித்தும் தொலைத்தார். கைப்பிடி சுவரைத் துளைத்துக்கொண்டு வீட்டுக்கு வெளியே போய் நின்றது.

"திருப்தியா சார்?"

"உங்களுக்குத் திருப்தின்னா எனக்கும் திருப்திதான் சார்."

என்ன நக்கல்! வேலை போனால் போகட்டும், நாலு வார்த்தை கேட்டே விடுவது என்று வரைவாளர் எழுந்தபோது கதவு திறந்தது. வரவேற்பில் உட்காரும் பெண் தலையை நீட்டினாள்.

"இன்டர்வியூவுக்கு வந்தவரை இன்னும் விடலையா சார்? கஸ்டமர் ஒரு மணி நேரமா வெளியே உட்கார்ந்திருக்கார்!"